"கோபம் வருது" என்பதில் இருக்கிற சூட்சுமம்

'பௌத்த தியான முறையை வைத்து எதிர்மறை எண்ணங்களைத் தினசரி வாழ்க்கையில் சமாளிப்பது எப்படி?' என்று கேட்டிருக்கிறீர்கள். சமாளிக்கலாம். ஆனால் நினைப்பு நின்றுவிடும் என்று எதிர்பார்த்து ஆரம்பிக்காதீர்கள், எனக்கு இதுவரை நின்றதில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் இ-வே பில்லில் (லோடு அனுப்பும்போது ஜிஎஸ்டிக்காக எடுக்கிற சீட்டு) வண்டி நம்பரில் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டேன். தூத்துக்குடிக்குப் போன லோடை வழியில் மடக்கிவிட்டார்கள், டிரைவர் பாவம், ராத்திரி முழுக்க ரோட்டோரத்தில் கிடந்தார். மறுநாள் முதலாளி எல்லோர் முன்னாலும் "இத்தனை வருஷமா இங்க என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க?" என்றார். அதோடு சரி, அப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான்தான் விடவில்லை. வண்டி ஓட்டும்போது, குளிக்கும்போது, ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்போதும், அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்களைத் தயார் செய்துகொண்டே இருந்தேன். அதில் ஒன்று பிரமாதமான பதில்.

புத்தரின் உபதேசத் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில், அவர் இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்கிற ஒரு சுத்தம் (சூத்திரம், அதாவது உபதேசம்) இருக்கிறது. ஒருவனை அம்பு தைக்கிறது, வலிக்கிறது. அதே ஆளை உடனே இன்னொரு அம்பும் தைத்தால் எப்படியோ, அப்படித்தான் உடம்பு வலியோடு மனப் புலம்பலையும் சேர்த்துக்கொள்கிறவன் இரண்டு அம்பின் வலியையும் அனுபவிக்கிறான் என்கிறார். என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முதலாளி விட்டது ஒரே ஒரு அம்பு, ஐந்து செகண்ட். மிச்சமெல்லாம் நானே மூன்று வாரம் நின்று நிதானமாக எனக்கு விட்டுக்கொண்டவை.

அந்த இரண்டாவது அம்பை விடாமல் இருப்பதற்கான பயிற்சியைத்தான் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் 'சதி' என்கிறார்கள் (நம் தமிழ்ச் 'சதி' இல்லை). விழிப்புணர்வு என்று மொழிபெயர்க்கிறார்கள், எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே டெங்கு விழிப்புணர்வுப் பேரணிதான் கண்முன் வருகிறது. புத்தர் சொன்ன எண்வழி மார்க்கத்தைத் தமிழில் சொல்லும்போது 'நற்கடைப்பிடி' என்று ஒரு பழைய சொல் உண்டு, மறந்துபோகாமல் பிடித்துக்கொண்டிருப்பது. இதுதான் சரியாக வருகிறது, ஏனென்றால் வேலையே மறக்காமல் இருப்பதுதான்.

இந்தப் பயிற்சியைச் சொல்கிற சதிபட்டான சுத்தத்தில் உடல், வேதனை (அதாவது இதமா, இதமில்லையா, இரண்டும் இல்லையா என்ற உணர்வு), சித்தம் (மனசு), தம்மம் (மனசில் எழுகிறவற்றைப் புத்தரின் போதனை வழியே பார்ப்பது) என்று நான்கைக் கவனிக்கச் சொல்கிறார்கள். அதில் சித்தத்தைப் பற்றி வருகிற இடம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. கோபமுள்ள சித்தம் இருந்தால் 'இது கோபமுள்ள சித்தம்' என்று அறிகிறான், அவ்வளவே. 'நான் கோபக்காரன்' என்று அங்கே இல்லை, 'கோபப்படக் கூடாது' என்றும் இல்லை. யோசித்துப் பார்த்தால் நாம் பேசுகிற தமிழிலேயே இது பாதி இருக்கிறது. "எனக்குக் கோபம் வருது", "பயமா இருக்கு" என்றுதானே சொல்கிறோம், கோபம் எங்கிருந்தோ வந்த ஆள் மாதிரி. ஆனால் நம்மையே திட்டிக்கொள்ளும்போது மட்டும் "நான் ஒரு உதவாக்கரை" என்று நேராக 'நான்' வந்து உட்கார்ந்துவிடுகிறது. நான் செய்ததெல்லாம் அந்த வாக்கியத்தை மாற்றினதுதான்: "உதவாக்கரைங்கிற நினைப்பு வருது." சிரிப்பாக இருக்கும், பத்து நாள் செய்து பாருங்கள்.

எங்கே செய்வது? கோயங்கா முறை விபாசனா தியான வகுப்பு பத்து நாள், பேசக் கூடாது, காலை நான்கு மணிக்கு மணி அடித்து எழுப்புவார்கள், கட்டணம் கிடையாது. போய் வந்தவர்கள் நன்றாகவே சொல்கிறார்கள். ஆனால் கணக்கு எழுதுகிறவனுக்கு யார் பத்து நாள் லீவு கொடுப்பார்கள்? எங்கள் வீட்டில் ராத்திரிப் பாத்திரம் கழுவுவது என் பொறுப்பு, அதையே எடுத்துக்கொண்டேன். குழாய்த் தண்ணீர் கையில் படுகிற குளிர்ச்சி, நாரில் மாட்டின சோற்றுப்பருக்கை, குக்கர் மூடியின் விளிம்பு. மூன்றாவது தட்டுக்கு வருவதற்குள் முதலாளி வந்துவிடுவார். அப்போது தாடை இறுகியிருக்கும், பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன், மூச்சு மேலேயே நிற்கும். பர்மாவின் மஹாசி சயாடோ என்ற துறவியின் வழியில் "நினைப்பு, நினைப்பு" என்று மனசுக்குள் குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் அப்படிக் குறித்துக்கொண்டு, தாடையை விட்டுவிட்டு, தட்டுக்குத் திரும்புவேன். ஒரு பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் இருபது தடவை போய் வருவேன். திரும்பி வருகிற அந்த இருபது தடவைதான் பயிற்சி, போனது தோல்வி கிடையாது.

இன்னொன்று. 'எல்லாவற்றையும் சும்மா பார்த்துக்கொண்டிரு' என்று மட்டும்தான் புத்தர் சொன்னார் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. இன்னொரு உபதேசத் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆவது சுத்தத்தில் வேண்டாத நினைப்புக்கு ஐந்து வழி வரிசையாக இருக்கிறது. தச்சன் சின்ன ஆப்பை அடித்துப் பெரிய ஆப்பை வெளியே தள்ளுகிற மாதிரி நல்ல நினைப்பை வைத்துத் தள்ளு. அது நடக்கவில்லையா, இதனால் வருகிற கேட்டை யோசி. அதுவும் இல்லையா, கண்டுகொள்ளாமல் விடு. நான்காவது எனக்குப் பிடித்தது: வேகமாக நடக்கிறவன் 'ஏன் இவ்வளவு வேகம்?' என்று மெதுவாக நடந்து, அப்புறம் நின்று, உட்கார்ந்து, படுத்துவிடுவது போல நினைப்பின் வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பது. ராத்திரி மூன்று மணிக்கு இது நன்றாக வேலை செய்கிறது. கடைசி வழி பல்லைக் கடித்து, நாக்கை அண்ணத்தில் அழுத்தி அடக்குவது. நான் ஏற்கெனவே பல்லைக் கடிக்கிற ஆள், அந்தப் பக்கமே போகவில்லை.

ஆப்பு விஷயத்துக்கு வருகிறேன். கோபத்துக்கு மைத்திரியை, அதாவது நல்லெண்ணத்தை, வைக்கச் சொல்வது வழக்கம். முதலாளிக்கு நல்லெண்ணம் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. அந்த டிரைவரை நினைத்தேன். அவர் இப்போது நன்றாகத் தூங்கியிருக்கட்டும் என்று. அது உடனே வந்தது, தொண்டை இளகியது.

ஒரு எச்சரிக்கை. வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லை, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால், தயவுசெய்து பாத்திரம் கழுவிக்கொண்டு தியானம் செய்யாதீர்கள். டாக்டரிடம் போங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்குக் கூப்பிடுங்கள். மனச்சோர்வுக்கு மேலைநாட்டு உளவியலாளர்கள் உருவாக்கின எட்டு வார தியானப் பயிற்சிகூட, முதலில் தேறி வந்தவர்களுக்கு மறுபடி வராமல் தடுக்க என்றுதான் ஆரம்பமானது.

முதலாளியின் வாக்கியம் இன்னும் வருகிறது, மாதத்துக்கு ஒரு தடவை இருக்கும். நேற்றுப் புளிக்குழம்புச் சட்டியைத் தேய்க்கும்போது வந்தது, கூடவே அந்தப் பிரமாதமான பதிலும் வந்தது. "வா, வந்துட்டியா" என்றேன். என் மனைவி "யார்கிட்ட பேசறீங்க?" என்று ஹாலிலிருந்து கேட்டாள்.