டெபியன் பேக்கேஜ் கட்டுவது: கேள்வி பதில்

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, நான் எழுதிய சின்ன நிரலை டெப் (டெபியன் லினக்ஸில் நிறுவும் பேக்கேஜ்) ஆக்க எங்கே தொடங்குவது?

சோர்ஸுக்குள் (மூல நிரலுக்குள்) டெபியன் என்றொரு கோப்புறை வையுங்கள். கன்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட் ஆகியவை அதில் முக்கியம். எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ரூல்ஸை டெப்ஹெல்பர் என்ற துணைக்கருவி சில வரிகளில் முடித்துவிடும். நேரம் எடுப்பது காப்பிரைட்தான். எந்தக் கோப்பு யாருடையது, என்ன உரிமம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், கூட வைத்த எழுத்துரு உட்பட. புதுப் பேக்கேஜை உள்ளே விடுமுன் எஃப்டிபி மாஸ்டர் குழு அதைத் துருவிப் பார்க்கும். கட்டியதும் பேக்கேஜில் பிழை தேடும் லின்டியனை ஓட்டுங்கள். மறுகா எஸ்பில்ட் கொண்டு வெறுமையான சூழலில் ஒருதரம் கட்டுங்கள். உங்கள் கணினியில் ஏற்கெனவே இருப்பதால் பில்ட்-டிப்பென்ட்ஸில் (கட்டத் தேவையானவற்றின் பட்டியலில்) எழுத மறந்த நூலகம் அங்கேதான் பிடிபடும்.

கல்முனை: சோர்ஸிலிருந்து நேரே நிறுவும் சுடோ மேக் இன்ஸ்டால் போதாதா?

போதாது. எந்தக் கோப்பு எங்கே போனது என்று, பேக்கேஜ்களை நிறுவி நீக்கும் டிபிகேஜிக்குத் தெரியாது. பிறகு அதால் நீக்கவும் முடியாது.

அக்கரைப்பற்று: பைதான் நூலகத்தைப் பிப் இன்ஸ்டால் செய்ய விடமாட்டேன் என்கிறது.

டெபியன் 12 முதல் அப்படித்தான். வென்வ் (பைதானுக்கான தனிச் சூழல்) உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள்.

வந்தாறுமூலை மாணவர்: ஃபிளாட்பேக்கில் (பல லினக்ஸ்களிலும் ஓடும் பொதி முறை) நிரலை எழுதியவரே நேரே தருகிறார். நடுவில் நீங்கள் எதற்கு?

சோர்ஸை வாசித்துப் பார்ப்பதற்கு, தம்பி. மறையாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லில் பாதுகாப்பு ஓட்டை வந்தால் டெபியனில் ஒரு பேக்கேஜைத் திருத்தினால் போதும், அதைப் பகிர்ந்து பாவிக்கும் நிரல்கள் எல்லாவற்றுக்கும் திருத்தம் போய்விடும். ஆளுக்கொரு பிரதியைக் கட்டி வைத்தால் ஆளாளுக்குத் திருத்தும்வரை காத்திருக்க வேண்டும். ரீலோட் போட்டு இணையம் பாவிக்கிற வீட்டுக்கு அந்தப் பெரிய இறக்கமும் செலவுதான். இன்னொன்று, பராமரிப்பவர் தன் கணினியில் கட்டிய பைனரி 2019க்குப் பிறகு டெஸ்டிங்குக்குள் (அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் தொகுப்புக்குள்) போவதில்லை. சோர்ஸை அனுப்பினால் டெபியனின் கணினிகளே கட்டும்.

காத்தான்குடி: அப்படி வாசித்தும் எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில் ஒளித்த பின்கதவில் டெபியன் ஏமாந்ததே!

ஏமாந்தது உண்மை. பின்கதவு இருந்த 5.6.0, 5.6.1 பதிப்புகள் இரண்டும் அன்ஸ்டேபிள் (புதியவை முதலில் வரும் தொகுப்பு), டெஸ்டிங் வரை வந்துவிட்டன. 2024 மார்ச்சில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) நுழைவு அரை வினாடி தாமதிப்பதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர்தான் தோண்டிப் பிடித்தார். பலரும் பாவிக்கும் வெளியீடான ஸ்டேபிளுக்கு அது வரவில்லை. புதியதை உடனே ஸ்டேபிளில் விடாத வழக்கம் அங்கே காப்பாற்றியது. பேக்கேஜ் கட்டுகிறவர் பார்க்க வேண்டிய இடம் வேறு: பின்கதவைத் தூண்டிவிட்ட எம்4 வரிகள் (கட்டும்போது ஓடும் ஸ்கிரிப்டின் பகுதி) சோர்ஸை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட டார் கோப்பில் மட்டுமே இருந்தன. டாரை இறக்கியதும் அதே பதிப்பின் கிட் டேக்கோடு (களஞ்சியத்தில் அந்தப் பதிப்புக்கு இட்ட குறி) ஒப்பிடுங்கள். வேறுபடும் ஒவ்வொரு கோப்புக்கும் காரணம் தெரியும்வரை கட்டாதீர்கள்.

வந்தாறுமூலை மாணவர் மீண்டும்: அப்போ ஃபிளாட்பேக்கே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. வரைகலைச் செயலியின் புதிய பதிப்பு உடனே வேண்டுமென்றால் நல்ல வழி. சர்வரில் ஓடும் நூலகங்களுக்கு டெப்தான் என் தெரிவு.

ஏறாவூர்: மேக் இன்ஸ்டால் செய்தால் என்ன?

கல்முனைக்குச் சொன்ன பதிலை வாசியுங்கள்.

ஒலுவில்: ஆர்ச் லினக்ஸில் பேக்கேஜ் கட்டும் பிகேஜிபில்ட் கோப்பை எழுதுவது எப்படி?

நான் ஆர்ச் பாவிப்பதில்லை. ஆர்ச் விக்கியில் தெளிவாக இருக்கிறது.

கல்லடி அக்கா: தமிழ்99இல் தட்டச்சு செய்ய எதை நிறுவ வேண்டும் தம்பி?

ஐபஸ்-எம்17என். நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள் அக்கா, உள்ளீட்டுப் பட்டியலில் தமிழ்99 இருக்கும். இதற்கும் மேக் இன்ஸ்டால் வேண்டாம்.