11 பாயின்ட்டில் ஓபன் செய்யலாமா? – பிரிட்ஜ் கேள்வி பதில்

கேள்வி: பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் 12 பாயின்ட் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) இல்லாமல் ஏலத்தைத் தொடங்கக் கூடாது, அதாவது ஓபன் செய்யக் கூடாது என்றுதான் கற்றுக்கொண்டேன். எங்கள் பிரிட்ஜ் மன்றத்தில் 'இருபது விதி' என்று சொல்லி 11-லேயே ஓபன் செய்கிறார்கள். எது சரி?

பதில்: உங்கள் உயர்சீட்டுப் பாயின்ட்டோடு, கையில் மிக நீளமான இரண்டு சூட்களின் (ஸ்பேட், ஹார்ட், டைமண்ட், கிளப் என்ற சீட்டு வகைகள்) சீட்டு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 20 வந்தால் ஓபன் செய்யலாம். அமெரிக்க ஆட்டக்காரர் மார்ட்டி பெர்கன் பரப்பிய கணக்கு இது. நல்ல கணக்குதான். ஆனால் பாயின்ட் எந்தச் சீட்டில் இருக்கிறது என்பதை அது பார்ப்பதில்லை.

முதல் கை: ஸ்பேடில் ஏஸ், கிங், 10, 7, 4, ஹார்ட்டில் 6, டைமண்டில் கிங், ஜாக், 9, 5, 2, கிளப்பில் 8, 3.

இரண்டாம் கை: ஸ்பேடில் குயின், ஜாக், ஹார்ட்டில் ஒற்றை கிங், டைமண்டில் குயின், ஜாக், 7, 5, 2, கிளப்பில் குயின், 9, 6, 4, 3.

இரண்டுமே 11 பாயின்ட், இருபது விதிப்படி கூட்டினால் இரண்டுமே 21. முதல் கைக்கு யோசிக்காமல் ஒன் ஸ்பேட் (ஸ்பேட் துருப்பாக 7 பிடி, அதாவது 7 சுற்று, வெல்வோம் என்ற ஏலம்; ஒரு லெவல் ஏறினால் ஒரு பிடி கூடும்) சொல்லுங்கள். அடுத்த சுற்றில் டூ டைமண்ட்ஸ் தயாராக இருக்கிறது. இரண்டாவதற்கு பாஸ். எதிராளியின் ஏஸுக்கு ஒற்றை கிங் விழும். ஏஸும் கிங்கும் இறங்கினால் இரண்டே சுற்றில் ஸ்பேட் குயினும் ஜாக்கும் போய்விடும். அதில் 11 என்பது காகிதத்தில் மட்டும்தான்.

ஆகவே இன்னொரு சோதனையும் வையுங்கள். ஒரே சூட்டில் ஏஸ்-கிங் இருந்தால் 2 பிடி, ஏஸ்-குயின் ஒன்றரை, தனி ஏஸ் அல்லது கிங்-குயின் 1, துணைச் சீட்டோடு கிங் அரை. மொத்தம் 2 வராத 11 பாயின்ட் கையைத் திறக்காதீர்கள். முதல் கையில் இரண்டரை, இரண்டாவதில் ஒன்றுமில்லை. எதிராளிகள் ஏலத்தில் மேலே போகும்போது உங்களிடம் இரண்டு பிடி இருக்கும் என்று நம்பித்தான் பார்ட்னர் டபுள் (அவர்கள் ஏலம் தோற்கும் என்ற சவால்) சொல்வார். லேசான ஓபனிங்கில் பெரிய நஷ்டம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வருகிறது; ஒன் லெவலில் மாட்டிக்கொண்டு தோற்பது அபூர்வம்.

கேள்வி: முதல் இருவரும் பாஸ் சொன்ன பிறகு, மூன்றாம் இடத்தில் 9 பாயின்ட்டில் திறப்பது துணிச்சலா, முட்டாள்தனமா?

பதில்: சூட்டைப் பொறுத்தது. ஹார்ட்டில் கிங், குயின், ஜாக், 9, 5 இருந்தால் ஒன் ஹார்ட் சொல்லலாம். எதிராளிகள் ஆட்டத்தை எடுத்துக்கொண்டாலும் பார்ட்னர் எந்த சூட்டை லீட் செய்ய (முதல் சீட்டாக இறக்க) வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. ஜாக், 8, 6, 4, 2 போன்ற சூட்டைச் சொன்னால் அவரைத் தவறான லீடுக்குத் தள்ளுகிறீர்கள். பார்ட்னர் முன்பே பாஸ் சொல்லிவிட்டதால் அவர் புது சூட் சொன்னாலும் நீங்கள் பாஸ் சொல்லலாம். அந்தச் சுதந்திரம் முதல் இரண்டு இடங்களில் கிடையாது.

ஆபத்து, நீங்கள் சொன்ன சூட்டில் நல்ல சப்போர்ட்டோடு (போதுமான சீட்டுகளோடு) 11 பாயின்ட் வைத்திருக்கும் பார்ட்னர் மூன்றாம் லெவலுக்குத் தாவுவது. கனடா ஆட்டக்காரர் எரிக் மரே மூன்றாம் இடத்தில் தாராளமாகத் திறப்பவராக இருந்தார். அவருடைய பார்ட்னர் டக்ளஸ் ட்ரூரி இதற்காகவே கண்டுபிடித்த முறை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. பாஸ் சொன்னவர் டூ கிளப்ஸ் சொன்னால், 'உங்கள் மேஜருக்கு (நீங்கள் சொன்ன ஸ்பேட் அல்லது ஹார்ட்டுக்கு) சப்போர்ட் உண்டு, 10 பாயின்ட் அளவில் இருக்கிறேன்' என்று பொருள். இன்று பலரும் ஆடும் வடிவத்தில், லேசாகத் திறந்தவர் தன் சூட்டையே டூ லெவலில் திரும்பச் சொல்லி நிறுத்திவிடுவார். இதைப் பேசி வைக்காத ஜோடி மூன்றாம் இடத்தில் அடக்கி வாசிப்பது நல்லது.

கேள்வி: நான்காம் இடத்தில்?

பதில்: பாயின்ட்டோடு ஸ்பேட் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 15 வந்தால் ஓபன், இல்லையென்றால் நான்காவது பாஸ். மூவர் பாஸ் சொல்லிவிட்டார்கள் என்றால் பாயின்ட் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருக்கிறது. அப்போது ஸ்பேட் வைத்திருப்பவர் டூ லெவலில் நிற்க, மற்றவர் த்ரீ லெவலுக்கு ஏற வேண்டும். 11 பாயின்ட்டும் நான்கு ஸ்பேடும் என்றால் திறக்கலாம். 12 பாயின்ட்டும் ஒற்றை ஸ்பேடும் என்றால் சீட்டைக் கீழே வைத்துவிடுங்கள்.

கேள்வி: லேசாகத் திறப்பது என்று முடிவெடுத்தால் பார்ட்னர் எதை மாற்ற வேண்டும்?

பதில்: கேமுக்கு (போனஸ் தரும் உயர் ஏலத்துக்கு) கொண்டுபோகும் வரம்பை. சமநிலையான இரண்டு கைகளில் த்ரீ நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாமல் 9 பிடி) ஆட ஏறக்குறைய 25 பாயின்ட் தேவை. 11-ம் 12-ம் சேர்ந்தால் 23-தான். அதனால் 12-ல் கேமை வற்புறுத்தாமல் 13 வரை காத்திருக்கட்டும். இந்த ஏற்பாட்டைக் கன்வென்ஷன் கார்டிலும் (ஜோடியின் ஏல முறைகளை எழுதி வைக்கும் அட்டை) எழுதிவிடுங்கள்: உங்கள் ஓபனிங் எவ்வளவு லேசானது என்று தெரிந்துகொள்ள எதிராளிகளுக்கு உரிமை உண்டு.