ரான்செரா பாட்டில் இவ்வளவு சோகம், அதில் எப்படி ஆறுதல் கிடைக்கிறது?

மெக்சிகோவின் ரான்செரா பாடல்கள் பிரிவும் சாவும் குடியுமாக இருக்கின்றனவே, மனம் உடைந்தவர் கேட்டால் இன்னும் நொறுங்கிப் போக மாட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அந்தப் பாட்டு யாரையும் தனியாக அழ விடுவதில்லை. பாடகர் ஒரு வரியை இழுத்து நிறுத்தியதும், கேட்பவர்களில் ஒருவர் அடிவயிற்றிலிருந்து "ஆய்ய்ய்" என்று குரல் எடுப்பார். அதற்கு 'கிரித்தோ' என்று பெயர். பாதி அழுகை, பாதி சிரிப்பு மாதிரி ஒலிக்கும், யாரும் முறைத்துப் பார்க்க மாட்டார்கள், பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்துகொள்வார்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர், ரான்செரா பாடல்களை எழுதிப் பாடிய ஹொசே அல்ஃப்ரெதோ ஹிமெனெஸ் (1926–1973). கருவி எதுவும் வாசிக்கத் தெரியாது, மெட்டைப் பாடித்தான் காட்டுவார். வாழ்க்கைக்கு மதிப்பே இல்லை என்று தொடங்கும் அவருடைய பாட்டு ஒன்று, சொந்த மாநிலமான குவானஹுவாத்தோவின் ஊர்களைச் சொல்லிக்கொண்டே போகிறது. சலமாங்கா வந்ததும், அந்தப் பக்கம் போகாதே, நினைவு குத்துகிறது என்கிறது. என்ன நினைவு என்று பாட்டில் இல்லை. அதனால்தான் கேட்கிற ஒவ்வொருவருக்கும் தன்னுடைய சலமாங்கா எது என்று உடனே தெரிந்துவிடுகிறது.

அப்புறம், இறுதிச் சடங்குக்கும் மரியாச்சி என்னும் மெக்சிகோ இசைக்குழுவை அழைப்பார்கள். ஹுவான் கப்ரியேல் எழுதிய 'அமோர் எத்தெர்னோ' (அழியாத அன்பு) என்ற பாட்டு அங்கே அடிக்கடி ஒலிக்கும். கிட்டார், வயலின், டிரம்பெட்டோடு குழு கல்லறையருகே நிற்க, அதுவரை பேச முடியாமல் இருந்தவர்கள்கூட பல்லவியில் வாய் திறந்து பாடிவிடுவார்கள்.