கார் சாவியை வாங்கி வையுங்கள், ஆச்சி! (வாசகர் கேள்வி - பதில்)

சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அங்கே 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 80 மில்லிகிராம் வரை விடுவார்கள். இங்கேயும் அப்படித்தானே? ஒரு பீர் குடித்துவிட்டு பைக் எடுத்தால் கேஸ் வருமா?
- வாசகர், பள்ளத்தூர்

வரும் தம்பி. அந்த 80 கணக்கைச் சாங்கி விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். 650 மில்லி பீர் பாட்டில் ஒன்றை முழுசாகக் குடித்தால் பெரும்பாலானவர்கள் அதைத் தாண்டிவிடுவார்கள், நிதானமாக இருப்பதாகத்தான் அவர்களுக்குத் தோன்றும். 30 வரை குடிக்கலாம் என்று யாரும் அனுமதி கொடுக்கவில்லை. வண்டி எடுக்க வேண்டிய நாளில் ஒரு சொட்டும் வேண்டாம்.

பிடித்தால் பத்தாயிரம் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்கிறான் நண்பன். உண்மையா?
- வாசகர், காரைக்குடி

பாதிதான் உண்மை. 2019-க்கு முன்னால் முதல் தடவைக்கு அபராதம் 2,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும், இப்போது 10,000. ஆனால் அது ஹெல்மெட் அபராதம் மாதிரி ரோட்டிலேயே கட்டி முடிக்கிற விஷயம் இல்லை, கோர்ட்டுக்குப் போக வேண்டும், மாஜிஸ்திரேட் நினைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது சிறையும் அபராதமும் சேர்த்தே கொடுக்கலாம். இரண்டாம் தடவை சிக்கினால் 15,000, சிறை இரண்டு வருஷம் வரை. லைசென்ஸையும் வாங்கி ஆர்டிஓவுக்கு அனுப்பிவிடுவார்கள், குறைந்தது மூன்று மாதமாவது சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே சொல்லிவிட்டது. வேன், டாக்சி ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இந்த மூன்று மாதம்தான் பெரிய அடி.

என் மாப்பிள்ளை தங்கமானவர். ஆனால் கல்யாணம், விசேஷம் என்றால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, மகளையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்துவிடுகிறார். போன மாதம் ஓர் அறுபதாங்கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி இப்படித்தான் வந்தார்கள். வீடு வந்து சேரும்வரை எனக்கு உயிர் இல்லை. மாப்பிள்ளையிடம் மாமியார் எப்படிச் சொல்வது?
- ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

ஆச்சி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. மாப்பிள்ளைக்கு மரியாதை குறையக் கூடாது என்று நினைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பின் சீட்டில் தூங்குகிற அந்தப் பிள்ளைகளுக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

நீங்கள் நேராகச் சொல்லத் தயங்கினால் மகளைச் சொல்லச் சொல்லுங்கள், இல்லை வீட்டில் அவர் மதிக்கிற பெரியவர் ஒருவரைப் பேச வையுங்கள். குடித்த பிறகு சொன்னால் சண்டைதான் வரும், அதனால் விசேஷத்துக்குக் கிளம்பும் முன்பே, பகலிலேயே பேசிவிடுங்கள். "போகும்போது நீங்க ஓட்டுங்க மாப்பிள்ளை, வரும்போது ஆக்டிங் டிரைவர் வந்துடுவாரு" என்று சொல்லி, டிரைவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், மண்டபத்துக்குள் நுழைந்ததும் சாவி மகள் கைக்கு வந்துவிட வேண்டும். அதையும் மீறி அவர் ஓட்டத்தான் செய்வேன் என்றால் மகளும் பிள்ளைகளும் அந்தக் காரில் ஏறவே கூடாது. இதில் மட்டும் முகத்தாட்சண்யம் பார்க்காதீர்கள், ஆச்சி.

இன்னொன்று. குடித்துவிட்டு ஓட்டுவதற்குத் துணை போகிறவர்களையும் தண்டிக்க அதே சட்டத்தில் 188-வது பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் இதைச் சொல்லித்தான் கூட உட்கார்ந்து வருகிறவர்கள் மீதும் வழக்கு என்று அறிவித்தது. மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னால் கேட்பார் என்றால் சொல்லுங்கள்.

விசேஷம் நடத்துகிற வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்திக்கு எத்தனை இலை என்று அவ்வளவு கவனமாகக் கணக்குப் போடுகிறோம், ராத்திரி திரும்ப நாலு ஆக்டிங் டிரைவரையும் அதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

ராத்திரி 11 மணி வரை குடித்தேன். படுத்துத் தூங்கிவிட்டு விடிகாலை 4 மணிக்கு திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் ஓட்டலாமா?
- வாசகர், தேவகோட்டை

கூடாது. 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் ஒரு குவார்ட்டர் பிராந்தி குடித்தால் ரத்தத்தில் அளவு 100-ஐத் தாண்டிவிடும். அதைக் கல்லீரல் மணிக்குச் சுமார் 15 என்ற கணக்கில்தான் குறைக்கும், ஆளுக்கு ஆள் இது கொஞ்சம் மாறும். 4 மணிக்கு நீங்கள் இன்னும் 30-க்கு மேலேதான் இருப்பீர்கள், கூடக் குடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். தூங்கியதால் அது வேகமாக இறங்காது. காபி, மோர், எலுமிச்சைச் சாறு, குளியல் எதுவும் உதவாது, வெற்றிலை பாக்கு வாடையைத்தான் மறைக்கும்.

ஊத மாட்டேன் என்று சொன்னால்?
- வாசகர், புதுவயல்

சொல்லலாம், ஆனால் தக்க காரணமில்லாமல் மறுத்ததையே கோர்ட்டில் உங்களுக்கு எதிராகக் காட்டலாம். உங்களுக்கு உள்ள உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தக் குற்றத்துக்காகக் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதிக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

கார் அப்பா பெயரில் இருக்கிறது. நான் குடித்துவிட்டு ஓட்டி இடித்துவிட்டால் இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளாதா?
- வாசகர், கோட்டையூர்

உங்கள் காருக்கான செலவை இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்காது. ஊதிப் பார்த்த ரிப்போர்ட் இல்லாவிட்டாலும், குடித்திருந்தது மற்ற சாட்சியங்களில் தெரிந்தாலே கம்பெனி மறுக்கலாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இடிபட்டவருக்கு வேண்டுமானால் முதலில் கம்பெனி பணத்தைக் கட்டும், பிறகு அதை வண்டி உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளச் சொல்லித்தான் கோர்ட் உத்தரவு போடும். இங்கே உரிமையாளர் உங்கள் அப்பா. அந்தத் தொகை லட்சக்கணக்கில் வரும், கட்ட முடியாவிட்டால் ஜப்திதான், அவர் பெயரில் இருக்கிற வீட்டுப் பங்கு வரைக்கும் கை வைப்பார்கள். இடிபட்டவர் இறந்துபோனால் அது தனி வழக்கு. குடித்திருந்தால் ஆள் சாகும் என்று தெரிந்தே ஓட்டியதாக, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகவே அதை எடுத்துக்கொள்ளலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்குப் பத்து வருஷம் வரை சிறை, அதை அனுபவிக்கப் போவது அப்பா இல்லை, நீங்கள்.