இங்கிலாந்தின் பெண்கள் சூப்பர் லீக் ரக்பி எப்போது தொடங்கியது? ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டா?

இப்போதைய வடிவம் 2017-இல்தான் வந்தது. ஆனால் அணிக்கு 13 பேர் ஆடும் இந்த ரக்பி லீக்கைப் பெண்கள் அதற்கு வெகுகாலம் முன்பே ஆடிக்கொண்டிருந்தார்கள். 1985-இல் பெண்களுக்கென்று தனி அமெச்சூர் சங்கம் அமைந்தது. 1996-இல் பிரிட்டன் பெண்கள் அணி ஆஸ்திரேலியாவுக்கே போய் டெஸ்ட் தொடரை வென்று திரும்பியது. அந்த வெற்றி இன்னும் எவ்வளவோ பேசப்பட்டிருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

2017-இல் இருந்தவை நான்கே அணிகள்: பிராட்ஃபோர்ட் புல்ஸ், காசில்ஃபோர்ட் டைகர்ஸ், ஃபெதர்ஸ்டோன் ரோவர்ஸ், தார்ன்ஹில் ட்ரோஜன்ஸ். இதில் தார்ன்ஹில் ஓர் உள்ளூர் அமெச்சூர் கிளப். பெயர்பெற்ற ஆண்கள் கிளப்புகளின் பெண்கள் அணிகளோடு அதுவும் சரிசமமாகக் களமிறங்கியது. முதல் பட்டம் பிராட்ஃபோர்டுக்கு. அடுத்த ஆண்டே லீட்ஸ், விகன், செயின்ட் ஹெலன்ஸ் எல்லாம் சேர்ந்துகொள்ள, விகன் கோப்பையை வென்றது. 2020 பருவம் கொரோனாவில் போய்விட்டது.

சரி, சம்பளம்? பல ஆண்டுகள் எதுவும் கிடையாது. வேறு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சிக்கும் வருவார்கள். 2023 பருவத்தில்தான் லீட்ஸ் ரைனோஸும் யார்க் வால்கெய்ரியும் பணம் கொடுக்க முன்வந்தன. அந்த ஆண்டு இறுதிப்போட்டியில் மோதியதும் இதே இரு அணிகள்தான். யார்க் 16-6 என்று வென்றது. தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. லீக்கிலிருந்து தனியாக நடக்கும் நாக்-அவுட் போட்டியான பெண்கள் சேலஞ்ச் கோப்பையின் இறுதிப்போட்டி முதன்முதலாக லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் நடந்ததும் அதே 2023-இல்தான். அதில் செயின்ட் ஹெலன்ஸ் 22-8 என லீட்ஸை வீழ்த்தியது.