மொய் நோட்டுல ஆரம்பிங்க

கேள்வி: எனக்கு 64 வயசு, மன்னார்குடி பக்கம் கிராமம். என் வாழ்க்கைய எழுதி வைக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. வருஷா வருஷம் ஜனவரியில டைரி வாங்குறேன், பொங்கல் தாண்டினா நின்னுடுது. பழச எழுதலாம்னா தேதி எதுவும் ஞாபகம் வரமாட்டேங்குது. பங்காளி சண்டையெல்லாம் எழுதலாமா? "உன் கதைய யாரும்மா படிப்பா"ன்னு மகன் வேற சிரிக்கிறான்.

பதில்: மகன் சிரிச்சா சிரிச்சுட்டுப் போறார், விடுங்கம்மா. தேதி அச்சடிச்ச டைரிய முதல்ல வாங்காதீங்க, நாலு நாள் எழுதாம விட்டா அந்த நாலு வெள்ளைப் பக்கமும் கடன்காரன் மாதிரி மொறைக்கும், அப்புறம் அதத் தொடவே தோணாது. சாதா லாங் சைஸ் நோட்டு போதும், எழுதுற அன்னிக்கு தேதிய நீங்களே போட்டுக்கங்க, பத்து நாள் கழிச்சு எழுதினாலும் அடுத்த வரியிலயே தொடரலாம். பால்பாயிண்ட் பேனாவா பாத்து எழுதுங்க, ஜெல் பேனா மை சிலது நம்ம ஐப்பசி கார்த்திகை ஓதத்துக்குத் தாங்காது.

மனசுல உள்ளதக் கொட்டணும்னு நினைச்சுதான் பாதிப்பேர் நின்னுடுறாங்க, தினமும் கொட்டறதுக்கு என்ன இருக்கு சொல்லுங்க. பாண்டிச்சேரியில பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேகிட்ட துபாஷியா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ல ஆரம்பிச்சு 1761 வரைக்கும் நாட்குறிப்பு எழுதினாரு, கப்பல் வந்தது, யார் யாரைப் பாக்க வந்தாங்க, என்ன பேசினாங்க, ஊர்ல என்ன பேச்சு, இப்படித்தான் போகும். அந்தக் காலத்தத் தெரிஞ்சுக்க இன்னிக்கும் அதத்தான் பொரட்டுறாங்க. நீங்களும் வாய்க்கால்ல தண்ணி என்னிக்கு வந்துச்சு, நடவுக்குக் கூலி என்ன, கொள்முதல் நிலையத்துல மூட்டை எத்தன நாள் கிடந்துச்சு, இத எழுதுங்க.

வாழ்க்கைக் கதைக்கு தனி நோட்டு. "நான் இன்ன வருஷம் பிறந்தேன்"னு ஆரம்பிச்சா ரெண்டாவது பக்கத்துலயே மாட்டிக்குவீங்க. பீரோவுல உங்க கல்யாண மொய் நோட்டு இருக்குமே, அத எடுங்க. "கோட்டூர் சின்னத்தா, 5 ரூபா, எவர்சில்வர் குடம் 1"னு ஒரு வரி இருக்குன்னு வைங்க, அந்த சின்னத்தா எதுல வந்தாங்க, வண்டி கட்டியா பஸ்லயா, அந்தக் குடம் இப்ப எங்க, நோட்டு யாரோட கையெழுத்து, அவரு இருக்காரா, அப்படியே ரெண்டு பக்கம் ஓடும். நம்ம பக்கம் மொய் நோட்ட விட நேர்மையான சரித்திரம் கிடையாதுன்னு நான் சொல்வேன், யார் வரலைங்கறதும் அதுல தெரிஞ்சுடும்.

தேதிக்கு ரொம்ப அலட்டிக்காதீங்க. 77 நவம்பர் புயல் அடிச்சப்ப நீங்க தாவணி போட்ட பொண்ணா இருந்திருப்பீங்க, அதுக்கு முன்னாடியா பின்னாடியா, 92 மகாமகத்துக்குப் போனப்ப கையில எந்தப் புள்ள, கஜா அடிச்ச 2018ல தோப்புல எத்தன தென்னை மிஞ்சுச்சு, இப்படிக் கேட்டுப் பாருங்க, வருஷம் தானா வந்து உக்காரும்.

வயசாச்சேன்னும் யோசிக்காதீங்க. பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர் உ.வே.சா. தன் கதைய விகடன்ல தொடரா எழுத ஆரம்பிச்சது 1940ல, கிட்டத்தட்ட 85 வயசு. 1942ல அவர் போனப்ப கதை முடியல, முடியாததத்தான் நாம இன்னிக்கும் ஆசையா படிக்கிறோம்.

பங்காளி சண்டைய தாராளமா எழுதுங்க. ஆனா "துரோகி"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுடாதீங்க, அன்னிக்கு திண்ணையில யார் எங்க உக்காந்திருந்தா, வரப்புக்கல்ல எந்தப் பக்கம் தள்ளி நட்டாங்க, யார் வாயில என்ன வந்துச்சு, நீங்க திருப்பி என்ன சொன்னீங்க, அதையும் மறைக்காம போடுங்க. கேஸு கீஸு நடக்குதுன்னா வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. எழுதி முடிக்கிற வரைக்கும் நோட்ட யார்கிட்டயும் காட்ட வேணாம், முக்கியமா ஓரகத்திகிட்ட.