பக்கவாத நோயாளிகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி குழு: பொறுப்பேற்றவர் முதலில் எதைக் கையில் எடுப்பது?

கேள்வி: காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளை நோயாளிகள் தாங்களே செய்யப் பழக்குபவராக, வேலை செய்கிறேன். இப்போது இரண்டு ஜூனியர்கள், ஓர் உதவியாளர் கொண்ட குழுவுக்கு என்னைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பக்கவாத நோயாளிகள். பெரும்பாலும் டிஸ்சார்ஜ் அன்றுதான் எங்களுக்குத் தகவல் வருகிறது. பிசியோதெரபி பிரிவினர் ‘கால் எங்களுக்கு, கை உங்களுக்கு’ என்று பிரித்துவிட்டார்கள். ஜூனியர்கள் எல்லோருக்கும் ஒரே பயிற்சியைக் கொடுக்கிறார்கள். நிர்வாகம் ‘இன்று எத்தனை பேரைப் பார்த்தீர்கள்’ என்று மட்டும் கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, காரைக்குடி

பதில்:

நீங்கள் எழுதியிருக்கும் நான்கு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த நோயாளி வீட்டுக்குப் போனதும் எந்த வேலையைத் தானே செய்துகொள்ள வேண்டும்? இதை உங்கள் மருத்துவமனையில் யாரும் கேட்பதில்லை. இனி அதைக் கேட்க வேண்டியவர் நீங்கள். டூட்டி போடுவது, லீவு பார்ப்பது எல்லாம் சில வாரங்களில் பழகிவிடும். இந்தக் கேள்வியை வார்டில் எல்லோர் வாயிலும் வரவைப்பதுதான் உங்கள் உண்மையான பொறுப்பு.

முதலில் தகவல் வரும் வழியைச் சரிசெய்யுங்கள். டாக்டரிடம் போய் ‘எங்களுக்கும் கேஸ் அனுப்புங்கள்’ என்று கேட்டால் இரண்டு நாள் நடக்கும், பிறகு நின்றுபோகும். அவருக்கு ஆயிரம் வேலை. பக்கவாதம் என்று அட்மிஷன் ஆன ஒவ்வொருவரின் பெயரும் கேட்காமலே உங்களுக்கு வந்து சேர வேண்டும். அதற்கு டாக்டரிடம் ஒரே ஒரு முறை எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் தினமும் காலையில் உங்கள் ஜூனியர் ஒருவர் வார்டு சிஸ்டரிடம் நேரில் போய் நேற்றைய அட்மிஷன் பட்டியலைப் பார்க்கட்டும். போன் வேண்டாம். நேரில் போகும்போதுதான் ‘ஆறாம் நம்பர் பெட்டில் இருக்கும் ஐயா ராத்திரி தண்ணீர் குடிக்கும்போது புரையேறினார்’ என்ற செய்தியும் சேர்ந்து கிடைக்கும். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது. உணவோ நீரோ நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். அந்தச் செய்தி உடனே டாக்டருக்கும் ஸ்பீச் தெரபிஸ்டுக்கும் போக வேண்டும்.

சீக்கிரம் பார்க்கச் சொல்கிறேன் என்பதற்காக முதல் நாளே நோயாளியை எழுப்பி நடக்கவிடச் சொல்கிறேன் என்று உங்கள் ஜூனியர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015-ல் வெளிவந்த அவெர்ட் ஆய்வை அவர்களோடு உட்கார்ந்து படியுங்கள். 5 நாடுகளில் 56 மருத்துவமனைகள், 2104 நோயாளிகள். நம் பகுதிக்காரர்கள் போய்வரும் சிங்கப்பூரும் மலேசியாவும் அதில் உண்டு. 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, அடிக்கடி, நீண்ட நேரம் நடமாட வைத்தவர்களில் 3 மாதம் கழித்து நன்றாகத் தேறியிருந்தவர்கள் 46 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 சதவீதம். ஆகவே முதல் ஓரிரு நாள் உங்கள் குழு செய்ய வேண்டியது சின்னச் சின்ன வேலைகள்: படுக்கையில் சரியாகக் கிடத்துவது, தோளைக் காப்பது, பார்வையும் நினைவும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது, கூட இருப்பவருக்குச் சொல்லிக் கொடுப்பது. குறைந்த நேரம், பல தடவை.

தோளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் காசு செலவில்லாமல் அதிக நன்மை செய்யக்கூடிய இடம் இதுதான். செயலிழந்த கையின் தோள்மூட்டைப் பிடித்துவைக்கத் தசையில் வலு இருக்காது. பெட்டிலிருந்து தூக்கும்போது அட்டெண்டர் அக்குளில் கைகொடுத்து இழுப்பார், மகன் கையைப் பிடித்து இழுப்பார். மூட்டு கீழே இறங்கிவிடும். சில வாரத்தில் தோள்வலி வரும், அதன்பிறகு நீங்கள் என்ன பயிற்சி சொன்னாலும் அவர் கையைத் தொடவே விடமாட்டார். சிஸ்டர்கள், அட்டெண்டர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்கள் எல்லோருக்கும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பத்துப் பத்து நிமிடமாகச் செய்துகாட்டுங்கள்: இடுப்பில் துணிப்பட்டை கட்டித் தூக்குவது, உட்காரும்போது கையைத் தலையணை மேல் வைப்பது. உங்கள் பிரிவில் கப்பிக் கயிறு தொங்கினால் பக்கவாத நோயாளிகளை அதில் விடாதீர்கள். நல்ல கை இழுக்கிற வேகத்துக்குச் செயலிழந்த தோள் ஈடுகொடுக்காது, காயம்தான் மிஞ்சும்.

அடுத்து பிசியோதெரபி பிரிவு. கை, கால் என்று உடம்பைப் பங்கு போட்டுக்கொள்வது நோயாளிக்கு எந்த உதவியும் செய்யாது. கக்கூஸுக்குப் போய்வருவது என்ற ஒரே வேலைக்கு எழுவது, நடப்பது, உட்காருவது, துணியை விலக்குவது, கழுவுவது, கதவைத் திறப்பது எல்லாமே வேண்டும். ஆகவே பேச்சை ‘எது யாருடையது’ என்று தொடங்காதீர்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் இரண்டு பிரிவும் சேர்ந்து உட்காருங்கள், முடிந்தால் சிஸ்டரும் ஸ்பீச் தெரபிஸ்டும் வரட்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே ஒரு இலக்கைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ‘மேல்கை இயக்கத்தை மேம்படுத்துதல்’ என்று யாராவது எழுதினால் அடித்துவிடுங்கள். ‘ஆச்சி தானே போய்க் குளித்துவிட்டு வர வேண்டும்’ என்று எழுதியிருந்தால் பிசியோதெரபிஸ்டும் அதற்கேற்ற வேலையைத் தானாகவே செய்வார். மூத்த பிசியோதெரபிஸ்டுக்கு உரிய மரியாதையைக் கொடுத்து, கூட்டத்தை நடத்தச் சொல்லி அவரையே முதலில் கேளுங்கள். குறிப்பு எழுதும் வேலை உங்களிடம் இருக்கட்டும்.

இலக்கை யாரிடம் கேட்பது? நோயாளியிடம். ‘ஆச்சி, வீட்டுக்குப் போனதும் முதல்ல என்ன செய்யணும்னு இருக்கு?’ என்று. இடப்பக்க மூளை பாதித்துப் பேச்சு போயிருந்தால் படங்களைக் காட்டிக் கேட்கலாம், தலையசைப்பு போதும். உறவினர் சொல்வதை மட்டும் எழுதிக்கொண்டு வரும் ஜூனியரைத் திருப்பி அனுப்புங்கள்.

இனி வீடு. உங்கள் ஊரில் இதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் தெருவிலிருந்து ஏறவே பல படிகள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வாசலிலும் உயரமான நிலைப்படி. குளிக்கும் இடமும் கழிப்பறையும் பல வீடுகளில் பின்கட்டில். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை அழகானது, ஈரமானால் வழுக்கும். மருத்துவமனையின் நேரான தாழ்வாரத்தில் நன்றாக நடந்தவர் இந்த வீட்டில் முதல் ராத்திரியே விழுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

அதனால் டிஸ்சார்ஜுக்கு ஒரு வாரம் முன்பே, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை நடந்துபோய் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிலைப்படியின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை உங்கள் பயிற்சி அறையில் போட்டுத் தாண்டப் பழக்குங்கள். நிலைப்படியை வெட்டச் சொன்னால் எந்தக் குடும்பமும் சம்மதிக்காது, சொல்லவும் வேண்டாம். கட்டிலைப் பின்கட்டுக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். ராத்திரிக்குக் கட்டில் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி, குளிக்கும் இடத்தில் சுவரில் கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க அகலமான பிளாஸ்டிக் நாற்காலி. இவ்வளவும் காரைக்குடியிலேயே கிடைக்கும்.

சோற்றுக்கை விஷயத்தை யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள், உங்கள் குழு பேச வேண்டும். வலக்கை செயலிழந்தவர் கழுவுவதற்கும் சாப்பிடுவதற்கும் இடக்கையையே நம்ப வேண்டியிருக்கிறது. பந்தியில் பத்துப் பேர் நடுவே இடக்கையால் சாப்பிட்டுப் பழகிய தலைமுறை இல்லை அது. கூச்சத்தில் சாப்பாட்டையே குறைத்துக்கொள்வார்கள். கழிப்பறையில் கைத்தெளிப்பான் குழாய் பொருத்துவதும், சாப்பாட்டுக்குப் பிடி தடித்த ஸ்பூன் தருவதும் எளிது. அதற்கு முன்னால் அவரைத் தனியாக உட்காரவைத்து, வீட்டாரையும் வைத்துக்கொண்டு இதைப் பேசுவதுதான் சிகிச்சையின் பெரிய பகுதி. வலப்பக்க மூளை பாதித்தவர்களுக்கு வேறு பிரச்சினை: இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே சிலர் கவனத்தில் இருக்காது. இலையில் இடப்பக்கம் வைத்தது அப்படியே கிடக்கும். வீட்டார் அதை வீம்பு என்று நினைத்துத் திட்டுவார்கள். மூளை செய்யும் வேலை இது என்று அவர்களுக்குப் புரியவைக்காமல் அனுப்பாதீர்கள்.

ஜூனியர்களின் ‘எல்லோருக்கும் ஒரே பயிற்சி’ பழக்கம் பெரும்பாலும் பயத்தால் வருவது. எதை வைத்து முடிவெடுப்பது என்று தெரியாதபோது பந்தைக் கையில் கொடுத்துப் பிசையச் சொல்வார்கள். இந்தக் கைகள் ஏற்கெனவே மூடிக்கொள்ளப் பார்க்கின்றன, திறப்பதுதான் வரவில்லை. பந்தைப் பிசைந்து கை திறக்கப் பழகாது. எல்லோருக்கும் ஸ்பிளிண்ட் (கையை ஒரே நிலையில் பிடித்துவைக்கும் கட்டு) மாட்டிவிடுவதும் இதே வகை. அவர்களுக்கு ஒரு தெளிவான பிரிவினையைக் கொடுங்கள். மணிக்கட்டையும் கட்டைவிரலையும் இன்னும் இரண்டு விரல்களையும் 10 டிகிரியாவது நிமிர்த்த முடிகிறவர்களுக்கு நல்ல கையில் உறை மாட்டிவிட்டுப் பாதித்த கையை வேலை செய்யவைக்கும் முறை பயன் தரும். 2006-ல் வந்த எக்சைட் ஆய்வு 222 பேரிடம், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆனவர்களிடம், இதைக் காட்டியது. அசைவே இல்லாத கைக்கு, நல்ல கை அசைவதைக் கண்ணாடியில் பாதித்த கைபோலப் பார்க்கவைக்கும் கண்ணாடிப் பயிற்சியைத் தொடங்கலாம். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் தோன்றும் மாய வலிக்காக, சென்னையில் மருத்துவம் படித்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் கொண்டுவந்த உத்தி அது; பின்னால்தான் பக்கவாதத்துக்கு வந்தது.

பயிற்சிக்கான பொருளைக் கேட்டலாகிலிருந்து வாங்க வேண்டியதில்லை. பல்லாங்குழியில் சோழி எடுத்துப் போடுவதும், பணியாரக் குழியில் கரண்டியால் மாவு ஊற்றுவதும், கொட்டான் என்ற ஓலைக்கூடை முடையும் ஓலையை ஒரு கையால் அழுத்திப் பிடிப்பதும் அருமையான கைவேலைகள். வேலைக்குத் திரும்ப வேண்டிய வயதில் இருப்பவருக்கு அவர் தொழிலையே பிரித்துப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் செய்பவர் கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கரண்டியால் அளந்து ஊற்றுகிறவர். எந்தப் படியை உட்கார்ந்து செய்யலாம், எந்தப் படிக்கு இன்னொருவர் வேண்டும் என்று அவரே உங்களுக்குச் சொல்வார். வாரம் ஒரு நோயாளியை ஜூனியர் கையாளும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். குறுக்கே பேசாமல், முடிந்தபின் ‘ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்’ என்று கேளுங்கள்.

வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் போதும் என்றும் நம்பிவிடாதீர்கள். அட்டெண்ட் என்ற பெரிய ஆய்வு இந்தியாவிலேயே 14 மருத்துவமனைகளில், 1250 நோயாளிகளிடம் நடந்து 2017-ல் வெளிவந்தது. குடும்பத்தினருக்குப் பயிற்சி கொடுத்த பிரிவிலும் கொடுக்காத பிரிவிலும், 6 மாதம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்ந்தவர்களும் சேர்ந்து 47 சதவீதம்தான். குடும்பம் வேண்டும், ஆனால் உங்களுக்குப் பதிலாக முடியாது. டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அடுத்த வருகைகளின் தேதியை எழுதிக் கொடுங்கள். வர முடியாதவர்களை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வீட்டு பிசியோதெரபியோடு இணைத்துவிடுங்கள், 2021-லிருந்து நடக்கிறது. பல வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில், கூட இருப்பது சம்பளத்துக்கு வரும் அம்மா. பயிற்சியை அவருக்குக் கொடுங்கள், மகனுக்கு வீடியோ காலில் விளக்குங்கள். சிங்கப்பூரில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் நம் மாலை 5 மணிதான் இருதரப்புக்கும் ஒத்துவரும்.

இரண்டு விஷயம் சுருக்கமாக. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும். பயிற்சிக்கு வர மறுப்பவரைச் சோம்பேறி என்று முடிவுகட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இன்னொன்று, பக்கவாதத்துக்கு மருந்து என்று சிலர் தேய்க்கும் புறா ரத்தம். அதைத் தேய்ப்பவர்களைக் கேலி செய்யாமல், மறுபடி வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ நேரே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. புறாவைத் தேடும் நேரத்தில் அது போய்விடும்.

கடைசியாக நிர்வாகம். எண்ணிக்கை கேட்கிறவர்களுக்கு எண்ணிக்கையையே கொடுங்கள், ஆனால் வேறொன்றை. பார்த்தெல் அளவுகோல் 1965-லிருந்து இருக்கிறது: சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என்று 10 வேலைகள், மொத்தம் 100. அதை நிரப்ப அதிக நேரம் ஆகாது. ஒவ்வொரு பக்கவாத நோயாளிக்கும் உள்ளே வரும்போது ஒன்று, போகும்போது ஒன்று, 3 மாதம் கழித்து ஒன்று என்று பதிவு செய்யுங்கள். மாதக் கடைசியில் ஒரே பக்கத்தில் மூன்று பத்தி: பார்த்தவர்கள் எத்தனை பேர், அட்மிஷன் ஆகி எத்தனை நாளில் நாம் பார்த்தோம், பார்த்தெல் எவ்வளவு கூடியது. நடுப்பத்தியில் நாட்கள் அதிகமாக இருந்தால் டிஸ்சார்ஜ் அன்று தகவல் வருவது யாருடைய குறை என்று யாரையும் சுட்டாமலே மேசையில் தெரிந்துவிடும். இன்னோர் ஆள் வேண்டும் என்று கேட்கப் போகும் நாளில் அந்தப் பக்கங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.